பழைய மேசை வாள் வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களை வடிவாய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பட்டறை ஒன்றைக் காலி செய்து ஏலத்துக்கு விட்ட ஜெனரல் 350. மேசை முழுக்கத் துரு, பலகையை நேராக வழிநடத்தும் ஃபென்ஸ் இல்லை, பெட்டியின் பூச்சு செதில் செதிலாக உரிந்திருக்கிறது. இதை எடுக்கலாமா, அல்லது அதே காசுக்குக் கடையில் பெட்டியோடு விற்கும் சின்னப் புது வாளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். ரொறன்ரோவில் கராஜிலோ நிலக்கீழ் அறையிலோ தச்சுப் பட்டறை போடும் இளம் பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதும் பதிலை அவர்களும் வாசிக்கட்டும்.

எடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். துரு, பூச்சு, ஃபென்ஸ் என்று படத்தில் உன்னைப் பயப்படுத்திய எல்லாமே காசாலும் உழைப்பாலும் தீருகிறவை. வாங்குவதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் இடங்கள் ஒரு படத்திலும் தெரியாது. அவற்றை நேரில் போய், டோர்ச் லைட்டோடு குனிந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த வாளின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். மில்வாக்கியில் இருந்த டெல்டா நிறுவனம் 1939இல் யூனிசோ என்ற மேசை வாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டரைப் பெட்டிக்குள் வைத்து, மூன்று பெல்ட்டால் 10 அங்குல அலகைச் சுழற்றி, மேசை மட்டமாக இருக்க அலகை மாத்திரம் 45 பாகை வரை சரிக்கிற அமைப்பு அது. வட அமெரிக்காவில் அலுமாரி செய்யும் பட்டறைகளின் வாள் என்றால் அதற்குப் பிறகு இந்த அமைப்புத்தான். கியூபெக் மாகாணத்தின் ட்ரமண்ட்வில்லில் 1946இல் தொடங்கிய ஜெனரல் நிறுவனம் அதே வழியில் 350ஐச் செய்தது. 350இல் அலகு வலப்பக்கம் சரியும், 650இல் இடப்பக்கம். ஒன்ராறியோவில் குவெல்ஃப் நகரில் செய்த பீவர் வாள்களும் பழைய கராஜ்களில் கிடைக்கும். அவை நல்லவை, ஆனால் இலேசானவை. நாள் முழுக்க மேப்பிளும் ஓக்கும் அறுக்கப் போகிறாய் என்றால் ஜெனரலின் கனம் உனக்கு வேண்டும். அந்தக் கனம்தான் அதிர்வை விழுங்குகிறது. புதுச் சின்ன வாளில் உனக்குக் கிடைக்காதது அதுவே.

இனி நேரில் பார்க்க வேண்டியவை. மேசைக்குக் கீழே அலகையும் மோட்டரையும் தாங்கி, சரிக்கும்போது வளைந்த தடத்தில் வழுக்கிப் போகும் பெரிய வார்ப்புகள் இருக்கும். ட்ரனியன் என்பார்கள். அவற்றில் வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைவென்றாலும் வந்துவிடு. வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது பழகாத கைக்குரிய வேலை இல்லை, ஒட்டினாலும் அந்த இடத்தில் அளவு பழையபடி நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தூளும் கிரீஸும் அப்பியிருக்கும்; துணியால் துடைத்துவிட்டுப் பார். வெடிப்பு தலைமயிர் அளவில் இருக்கும், பெரும்பாலும் அதன் வழியே துரு கோடாக ஓடியிருக்கும். மேசையில் அலகுக்கு இருபக்கமும் ஓடும் இரண்டு தவாளிப்புகளின் விளிம்புகளையும் விரலால் தடவிப் பார், உடைந்து போயிருக்கலாம். ஒரு நேர்ச்சட்டத்தை மேசையில் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்துக் கீழே வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார். தடிப்பான கடதாசி நுழையும் இடைவெளி பரவாயில்லை.

பிறகு பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, அலகு பூட்டும் தண்டை, அதுதான் ஆர்பரை, கையால் உருட்டு. கரகரப்பது பெயாரிங் என்றால் கவலைப்படாதே, மாற்றலாம். அலகு அமரும் வட்ட விளிம்பு அடிபட்டு வளைந்திருந்தாலோ, மரைகள் தேய்ந்திருந்தாலோ அது வேறு கதை. கைச்சக்கரங்கள் இரண்டையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சுழற்று. இடையில் இறுகினால் பெரும்பாலும் பற்சக்கரத்தின் பல்லிடுக்கில் பிசினும் தூளும் கட்டியாகியிருக்கும். அதற்காக விலையைக் குறைத்துக் கேள், வாளை விட்டுவிடாதே.

மோட்டரில் ஆணி அடித்த தகட்டை வாசிக்காமல் காசு கொடுக்காதே. பள்ளிக்கூடங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வரும் வாள்கள் பல மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. உன் வீட்டுக்கு வருவது ஒற்றை முனை, 120உம் 240உம். தகட்டில் 208 அல்லது 230 வோல்ட் என்றிருந்தால் விஎஃப்டி என்ற மின்மாற்றுக் கருவி ஒன்றைப் பூட்டி, வீட்டு 240 வோல்ட்டிலேயே மும்முனை மோட்டரை ஓட்டலாம். வேகம் மெல்ல மெல்ல ஏறும், அதுவும் ஒரு வசதி. ஆனால் கனடாவில் தொழிற்சாலை மோட்டர்கள் பல 575 வோல்ட்டுக்குச் செய்தவை. சாதாரண விஎஃப்டி 240ஐ வாங்கி 240தான் தரும், 575 தராது. அப்படிப்பட்ட மோட்டர் உனக்குப் பழைய இரும்பு விலைதான். வேறு மோட்டர் தேடவேண்டும், இந்த வாள்களில் பூட்டும் இடம் ஒடுங்கியது என்பதால் எல்லா மோட்டரும் பொருந்தாது. இந்த ஒரு வரியை வாசிக்காமல் கொண்டுவந்து, கராஜ் மூலையில் வருடக்கணக்காக வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். மின்வேலையை உரிமம் பெற்ற மின்வினைஞரிடம் விடு. மின்சாரம் நின்று திரும்ப வரும்போது வாள் தானாகச் சுழலாத விதமாக ஆளியைப் பூட்டச் சொல். முதன்முதலில் ஓட்டும்போது அலகு பூட்டாமல் ஓட்டு, மும்முனையில் இரண்டு கம்பி இடம் மாறினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும்.

கொண்டுவருவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு வாளும் 200 கிலோ அளவுக்கு வரும். பக்க மேசைகள், மோட்டர், மேசை என்று கழற்றித்தான் ஏற்றவேண்டும். மேசையைத் தூக்கும்போது பெட்டிக்கும் அதற்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருந்தால் எந்த மூலையில் எத்தனை என்று படம் எடுத்துவை. அவற்றைச் செருகியவன் ஒரு காரணத்தோடுதான் செருகியிருப்பான்.

துரு எடுக்கும் வேலை பார்க்கப் பெரிதாகத் தெரியும், உண்மையில் ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும். மேசையில் கிரைண்டரைக் கொண்டு போகாதே, பள்ளம் விழும். சவர அலகால் சுரண்டி, மெல்லிய எண்ணெய் விட்டு, முரட்டு நைலோன் தேய்ப்பானால் தேய்த்தால் போதும். கறை நிற்கும், நிற்கட்டும். மரம் அதில் வழுக்கினால் சரி. சின்னப் பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு மின்கல சார்ஜரால் துரு எடுக்கிறவர்கள் உண்டு. நல்ல வழிதான். சார்ஜரின் எதிர்முனை பாகத்துக்கு, நேர்முனை வேண்டாத சாதாரண இரும்புத் துண்டுக்கு. அந்தத் துண்டு கறையில்லா உருக்காக இருக்கக்கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைதரசன் வாயு வரும், கராஜ் கதவைத் திறந்துவை. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்காதே. உன் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

பெயாரிங்கின் ஓரத்தில் எண் இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, தடிப்பு 12, உலகில் எங்கே வாங்கினாலும் அதே அளவு. பழையதன் எண்ணைக் காட்டி இரண்டு பக்கமும் மூடியதாக வாங்கு, மரத்தூள் உள்ளே போகாது. மூன்று பெல்ட்டையும் ஒரே நேரத்தில், சோடி சேர்த்து விற்கும் தொகுதியாக வாங்கு. ஒன்று புதிது இரண்டு பழையது என்றால் புதியது மட்டும்தான் இழுக்கும். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் பூசாதே, தூளைப் பிடித்துவைத்துப் பழைய கட்டியைத் திரும்பவும் உண்டாக்கும். மெழுகு போதும்.

அடுத்தது நேர்பார்ப்பது. வாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதற்கு நேரம் கொடு. அலகைப் பூட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் நிற்கும் பற்களில் ஒன்றில் பேனாவால் புள்ளி வை. தவாளிப்பில் ஓடும் கட்டையில் டயல் மானியைப் பூட்டி, அதன் முள்ளை அந்தப் பல்லின் அருகே அலகில் தொடவைத்துப் பூச்சியத்தில் நிறுத்து. இப்போது அலகைக் கையால் திருப்பி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோ, கட்டையையும் பின்னால் தள்ளி அதே இடத்தைத் தொடு. அதே பல்லில் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அலகு கொஞ்சம் நெளிந்திருக்கலாம், இரண்டு பற்களில் அளந்தால் அலகின் நெளிவை மேசையின் கோணல் என்று எண்ணிவிடுவாய். முன்னுக்கும் பின்னுக்கும் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது என் கணக்கு. இருந்தால் மேசையைப் பெட்டியோடு இறுக்கும் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, மரச் சுத்தியலால் மேசையின் ஓரத்தில் மெல்லத் தட்டு. முள் நகருவது கண்ணுக்குத் தெரியும். இறுக்கும்போது திரும்ப அசையும், அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்குப் பிறகும் அளந்து பார். பிறகு அலகை 45 பாகைக்குச் சரித்து இதையே செய். அலகு நிமிர்ந்து நிற்கும்போது சரியாகவும் சரிவில் பிழையாகவும் இருந்தால் மேசையின் முன்னுக்கோ பின்னுக்கோ மெல்லிய தகடு செருக வேண்டும். முன்பு படமெடுத்த தகடுகளின் காரணம் அப்போது விளங்கும்.

ஃபென்ஸை அதன் பிறகு தவாளிப்புக்கு இணையாகப் பூட்டு. பின்பக்கம் ஒரு மயிரளவு விலகி நின்றால் நல்லது, உள்ளே சாய்ந்து நிற்கவே கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 10 அங்குல அலகு நிமிடத்துக்கு 4000 தரம் சுற்றும்போது பல்லின் நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. வேகத்தில் போகிறது. முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தும், பின்பக்கப் பற்கள் மேலே எழும்பும். அறுத்த வெட்டு உள்ளழுத்தத்தால் மூடிக்கொண்டாலோ, ஃபென்ஸ் பலகையை அலகின் பின்பக்கம் நெருக்கினாலோ, எழும்பும் பற்கள் பலகையைத் தூக்கி, நீ நிற்கும் பக்கம் எறியும். கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை அலகின் மேல் இழுபடுவதும் அப்போதுதான்.

இதைத் தடுப்பது அலகுக்குப் பின்னால் நிற்கும் ஒரு பிளவுத் தகடு. ஐரோப்பிய வாள்களில் அலகோடு ஏறி இறங்கும் தகடு வெகு காலமாக உண்டு. வட அமெரிக்காவில் 2000களின் பிற்பகுதியில்தான் புது வாள்களில் அது வழக்கமாயிற்று. பழைய வாள்களோடு வந்த பாதுகாப்பு மூடியையும் தகட்டையும் முதல் சொந்தக்காரர் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார், உன் படத்திலும் அவை இல்லை. வாள் செய்தபோது எப்படி இருந்ததோ அப்படியே திருத்த வேண்டும் என்ற ஆசை பழைய இயந்திரப் பிரியர்களிடம் உண்டு. பூச்சின் நிறத்தில் அந்த ஆசை இருக்கட்டும், இந்த விஷயத்தில் வேண்டாம். பழைய வாளுக்கென்று பிளவுத் தகடு தனியாக விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் அலகைச் சுற்றியுள்ள மூடுதகட்டை ஒட்டுப்பலகையில் நீயே செய்து, பின்பக்கம் வெட்டின் நேரில் தகட்டைச் செருகு. அலகின் உடலை விடத் தடிப்பாகவும், வெட்டின் அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வெட்டு 3.2 மி.மீ. என்றால் தகடு அதற்குச் சற்றுக் குறைவு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். விரல் பட்டதும் அலகை நிறுத்தும் சோஸ்டொப் வாள்கள் 2004 முதல் விற்பனையில் உள்ளன. உன் பட்டறையில் வேலை பழக ஆட்களை நிறுத்தப் போகிறாய் என்றால், கடன்பட்டாவது அதை வாங்கு. இந்தக் கடிதம் முழுவதும் நீ தனியாக நின்று அறுக்கும் பட்டறைக்குத்தான். பிறர் விரலை வைத்துக் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது.

திருத்திய பிறகு மேசைக்கு மெழுகு பூசு, சிலிக்கோன் கலக்காத மெழுகு. சிலிக்கோன் மரத்தில் ஒட்டினால் வார்னிஷ் பிடிக்காது. சூடேற்றாத கராஜ் என்றால் வசந்தம் தொடங்கும்போது கவனம். குளிர்ந்த இரும்பில் ஈரக்காற்றுப் பட்டு மேசை வியர்க்கும், இரண்டு நாளில் பழைய துரு திரும்பி வரும்.

ஏலத்துக்கு முந்திய நாள் பார்வைக்கு விடுவார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அழைப்பு எடு, நேர்ச்சட்டத்தையும் டயல் மானியையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். தகட்டில் 575 என்றிருந்தால் இருவரும் அங்கேயே திரும்பிவிடலாம். வாங்கினாயானால், பிளவுத் தகடு பூட்டும்வரை ஒரு பலகையும் அறுக்காதே.

அன்புடன்,
அண்ணன்