பவழமும் செப்பேடும்

மயிலாப்பூரில் எம் பாட்டியாரின் மரப்பெட்டியில் பழைய பவழ மாலை ஒன்று உண்டு. அவருக்கு அவர் தாயார் தந்தது. அத்தாயாருக்கு யார் தந்தனரோ அறியோம். நூல் நைந்து போகவே, அதனைப் புதிதாகக் கோத்து வாங்க வடக்கு மாடவீதியில் ஒரு நகைக்கடைக்குச் சென்றோம். கடைக்காரர் மணிகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இத்தாலிப் பவழம், இந்தத் தரம் இப்போது வருவதில்லை" என்றார். மயிலைப் பாட்டியின் பெட்டிக்குள் இத்தாலி எங்ஙனம் புகுந்தது? இவ்வினா எம்மை நெடுவழி இழுத்துச் சென்றது. அவ்வழியிற் கண்டவற்றுள் சிலவற்றை நம் மாணவர்க்கு ஈண்டு எடுத்துரைப்போம்.

நகைக்குரிய செம்பவழம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் எடுக்கப்படுவது. உரோமர் முத்தை மதிப்பதுபோல இந்தியர் பவழத்தை மதிக்கின்றனர் எனப் பிளினி என்னும் உரோமப் புலவர் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். ஆகவே பவழ வாணிகம் பழையது. எனினும், சென்னைக்கு அதனைக் கொணர்ந்தவருள் தலைசிறந்தார் யூதர் என்பதை நம்மிற் பலர் அறியார்.

இவர்தம் கதை இசுப்பானியாவிற் றொடங்குகின்றது. 1492ஆம் ஆண்டில் அந்நாட்டரசர் யூதரையெல்லாம் வெளியேறப் பணித்தனர். பலர் போர்த்துகல் புகுந்தனர். 1497இல் அங்கும் அவர்களைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றினர். மறைவாய்த் தம் சமயத்தைப் பேணியோர் பின்னர் ஆம்சுட்டர்டாமுக்கும், இத்தாலியத் துறைமுகமாகிய லிவோர்னோவுக்கும், 1656க்குப் பின் இலண்டனுக்கும் சென்றனர். தசுக்கானி நாட்டுக் கோமகன் 1593இல் அளித்த உரிமைப் பத்திரத்தால் லிவோர்னோவில் அவர்கட்கு நிழல் கிடைத்தது. பவழத்தை அறுத்து மெருகிட்டு மணியாக்கும் பட்டறைகள் அந்நகரில் மிகுந்தன.

இலண்டன் யூத வணிகர் கும்பினியாரின் இசைவு பெற்றுப் பவழத்தையும் வெள்ளியையும் கப்பலேற்றுவர். சென்னையிலிருந்த அவர்தம் உறவினரோ கூட்டாளியோ அவற்றை விற்று, அப்பணத்தாற் கோல்கொண்டா வைரங்களை வாங்கித் திருப்பியனுப்புவர். ஓடிப் பிழைத்த குடிக்கு வைரம் உகந்த செல்வம். வீட்டைச் சுமந்துகொண்டு ஓட இயலாது, வைரத்தை மடியில் முடிந்து கொள்ளலாமன்றோ? ஜாக் டி பைவா என்பார் வைரச் சுரங்க நாட்டிற்குச் சென்று நோயுற்று, 1687இல் இறந்தார். மறுவருடம் சென்னை நகராண்மைக் கழகம் நிறுவப்பெற்றபோது, பார்த்தலோமியோ ரோத்ரிக்கெஸ் முதலிய யூத வணிகர், சின்ன வேங்கடாத்திரி முதலிய நம் வணிகரோடு ஒரே அவையில் ஆல்டர்மென்களாய் அமர்ந்தனர்.

1720களிற் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்பட்டபின் இவ்வாணிகம் தளர்ந்தது. அக்குடும்பங்கள் கலைந்தன. எஞ்சியவை எவை? ஜார்ஜ் டவுனிற் பவழக்காரத் தெரு என்னும் பெயரொன்று, சில கல்லறைகள். தங்கசாலைத் தெருப் பகுதியிலிருந்த அக்கல்லறைகளும் ஓரிடத்தில் நிலைத்தில. இடம் பெயர்ந்து பெயர்ந்து, 1983இல் இலாயிட்ஸ் சாலைக்கு, அஃதாவது ஔவை சண்முகம் சாலைக்கு, வந்து சேர்ந்தன. மயிலையிலிருந்து நடந்தே செல்லும் தொலைவுதான். உயிரோடிருந்தபோது குடிபெயர்ந்தாரை இறந்த பின்னும் குடிபெயர்த்தோம் என்றே எமக்குத் தோன்றிற்று.

சென்னை யூதரின் குலதனம் இவ்வாறு சிதறிப் போயிற்று. ஆனால் மேலைக்கரையிற் கொச்சியில் வாழ்ந்த யூதர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஒரு பொருளைக் காத்து வந்தனர். அது பொன்னுமன்று, மணியுமன்று, இரண்டு செப்பேடுகள். கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாற்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அவற்றை அளித்தான். அஞ்சுவண்ணம் என்னும் வணிகச் சிறப்போடு எழுபத்திரண்டு உரிமைகள் அதிற் கூறப்பட்டுள. பகல் விளக்கு ஏற்றலாம், பல்லக்கு ஏறலாம், குடை பிடிக்கலாம், உல்கும் துலாக்கூலியும் செலுத்த வேண்டுவதில்லை. இவை அவர்தம் ஆண்மக்கட்கும், பெண்மக்கட்கும், மருமக்கட்கும் உலகும் திங்களும் உள்ளளவும் உரியன. வந்தேறிய ஒரு குடிக்கு இதனினும் பெரிய சீதனம் வேறென் வேண்டும்?

மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது, அச்செப்பேடு எபிரேய எழுத்தில் இல்லை என்பது. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி, தமிழினின்று மலையாளம் பிரிந்துவரும் காலத்து மொழி. உல்கு என்னும் சொல்லைத் திருக்குறள் படித்த எவனும் அறிவான். அதைப் போற்றி வைத்திருந்த குடியினரோ நாளடைவில் எழுத்தைப் படிக்கும் திறனை இழந்தனர், அது கி.பி. நான்காம் நூற்றாண்டினது என்றே நம்பி வந்தனர். குண்டர்ட் பாதிரியார் அதனை மொழிபெயர்த்து 1844இற் சென்னையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழொன்றில் அச்சிட்டார். சென்னை அரசாங்கக் கல்வெட்டறிஞர் ஊல்ச் என்பவர் பின்னர் அதனை மீண்டும் ஆய்ந்து பதிப்பித்தார். அதன் பின்னரே அதன் உண்மைக் காலம் தெளிவாயிற்று. வயது குறைந்தது, மதிப்புக் குறையவில்லை.

1948இல் இசுரவேல் நாடு தோன்றியது. அதன்பின், பெரும்பாலும் 1950களில், கொச்சி யூதர் அங்கே குடியேறினர். 1968இல் மட்டாஞ்சேரி பரதேசித் தொழுகைக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா நிகழ்ந்தபோதே அங்கிருந்தோர் மிகச் சிலர். கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆயினும் எம் மனத்தைத் தொட்டவை வேறு. திருமணத்திலும் திருநாளிலும் கொச்சி யூதப் பெண்டிர் பாடிய மலையாளப் பாடல்களைத் தாமே கைப்பட எழுதிய குறிப்பேடுகளை அவர்கள் தம்மோடு கொண்டு சென்றனர். தாயிடமிருந்து மகள் பெற்றவை. பேத்தியரோ எபிரேயம் பேசி வளர்ந்தனர்; மலையாள எழுத்து அவர்கட்கு வெறுங்கோடு. பாடத்தெரிந்த மூதாட்டியர் உயிரோடிருந்த நாளிலேயே அறிஞர் சிலர் முயன்று அவற்றைத் தொகுத்து, 2005இல் எபிரேய மொழிபெயர்ப்போடு எருசலேமில் வெளியிட்டனர். ஒரு தலைமுறை தாழ்த்திருப்பின் ஏடு மட்டும் இருந்திருக்கும்.

அவர்தம் பவழம் நம் பெட்டிகளில். நம் எழுத்து அவர்தம் பேழையில்! இத்துணையும் ஒரு தாளிற் சுருக்கி வரைந்து, புதிதாகக் கோத்த மாலையோடு பெட்டியில் வைக்கலானோம். பாட்டியார் கண்ணாடியை அணிந்து முழுவதும் படித்தார். "லிவோர்னோ எல்லாம் எழுதியிருக்கிறாய். என் அம்மா பேரை எழுதவில்லையே?" என்றார். எமக்கு அது தெரியாது. கேட்டு எழுதிக் கொண்டோம்.