நிலக்கடலை விதையின் உறக்கமும் முளைப்பும்

விதை முளைப்பதற்கு ஈரம், காற்று, உஷ்ணம் ஆகிய மூன்றும் வேண்டுமென்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் இம்மூன்றும் குறைவற அமைந்தும் சில விதைகள் முளையாமற் கிடப்பதையும், வேறு சில நாம் விரும்பாத காலத்தில் முளைத்துவிடுவதையும் காண்கிறோம். இளம்பிள்ளையிலும் கஞ்சமலையைச் சூழ்ந்த செம்மண் காடுகளிலும் ஆடியில் மானாவாரியாக விதைக்கும் நிலக்கடலை, ஐப்பசியில் முற்றி நிற்கையில் மழை பிடித்துக்கொண்டால், மண்ணுக்குள்ளேயே காய் வெடித்து முளை நீட்டிவிடுகிறது. அக்காய் விதைக்கு ஆகாது. பூஞ்சணம் பற்றுவதால் செக்குக்கும் நல்ல சரக்கன்று. நான்கு மாதப் பாடு நான்கு நாள் மழையில் வீணாவதற்கு மழை மட்டும் காரணமன்று. விதையின் உள்ளமைப்பும் காரணமாகும்.

கடலைப் பருப்பை இரண்டாகப் பிளந்து பார்த்தால், ஒரு முனையில் சிறு மூக்குப்போல் தோன்றுவதே முளைக்கரு. மற்றப் பாகம் முழுவதும் அதற்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு. இதில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். எண்ணெய் எண்ணெயாகவே கருவுக்குப் பயன்படாது. விதை நீர் குடித்தவுடன் அதிலுள்ள நொதிகள் எண்ணெயைச் சிதைத்துச் சர்க்கரையாக்குகின்றன. அச்சர்க்கரையை உண்டே முதல் வேர் இறங்குகிறது. எண்ணெய் சர்க்கரையாக மாறும் இவ்வழியை 1957-ல் கார்ன்பெர்க், பீவர்ஸ் என்னும் இரு அறிஞர்கள் கண்டது, நம் சேலம் ஜில்லாவில் நன்கு பழக்கமான ஆமணக்கு விதையின் நாற்றில்தான். சோளம், நெல் முதலிய தானியங்களில் சேமிப்பு மாவாக இருக்கிறது. அம்மாவைக் கரைக்கும் நொதியை எழுப்புவது ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோன் என்பதை 1960-ல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் பார்லி விதையைக் கொண்டு தனித்தனியே நிறுவினர்.

சோறு இருந்தால் மட்டும் போதாது; உண்ணலாம் என்ற உத்தரவும் வேண்டும். அவ்வுத்தரவைக் கொடுப்பதும் தடுப்பதும் ஹார்மோன்களே. அப்சிசிக் அமிலம் என்பது தடுப்பது. விதை முற்றுங்காலத்தில் இது சேர்ந்து கருவை உறங்கவைக்கிறது. நிலக்கடலையில் அவ்வுறக்கத்தைக் கலைப்பது எத்திலீன் என்னும் வாயு. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும்போது புகையிலிருந்து வேலை செய்வதும் இதே வாயுதான். முளைக்கும் கடலைப் பருப்பு தானே எத்திலீனை வெளியிடுகிறதென்றும், உறங்கும் பருப்புக்கு அவ்வாயுவை ஊட்டினால் அது முளைக்கிறதென்றும் அமெரிக்காவில் கெட்ரிங், மார்கன் என்போர் 1969-ல் காட்டினர். ஒரே காயில்கூடக் காம்பை அடுத்த பருப்பு அதிகமாகவும் நுனிப்பருப்பு குறைவாகவும் உறங்குகிறது.

கொடி ரகங்கள் பறித்தபின் இரண்டு மாதம் போலும், சில சமயம் அதற்கு மேலும் உறங்கும். ஆகவே மழையில் மண்ணுள் முளைப்பதில்லை; ஆனால் பறித்த கையோடு விதைத்தால் பயிர் சீராக எழாது. கொத்து ரகங்களுக்கோ உறக்கம் இல்லையென்றே சொல்லலாம். திண்டிவனத்திலிருந்து 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 இவ்வகையது; நூற்றைந்து நாளில் முற்றுவதால் எங்கும் பரவிற்று. குறுகிய காலத்தை விரும்பி நாம் கொத்து ரகத்தைக் கொண்டோம். அதனோடு இக்குறையும் சேர்ந்தே வந்தது. இரண்டு மூன்று வாரம் உறங்கும் கொத்து ரகங்களும் பின்னர் உண்டாக்கப்பட்டுள்ளன. மழைக்காலப் பறிப்புக்கு அவற்றையே தேடி வாங்குதல் நலம்.

உறக்கமற்ற ரகத்தை வைத்திருப்போர் பறிப்பைத் தள்ளிப்போடலாகாது. பத்துச் செடி பிடுங்கிக் காய்களை உடைத்துப் பார்க்க; நான்கில் மூன்று காய்க்கு மேல் ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் மறுநாளே பறிக்கவேண்டும். தறியும் காடும் சேர்ந்த நம் ஊர்களில் தீபாவளிச் சேலை வேலையும் கடலைப் பறிப்பும் ஒரே மாதத்தில் வந்து ஆள் கிடைப்பது அரிதாகிறது. இதை முன்னரே எண்ணி ஆட்களுக்குச் சொல்லிவைப்பது, பின்னர் முளைத்த காயைப் பொறுக்குவதைவிடச் செலவு குறைந்தது.

சேமிப்புச் சத்தில் சுண்ணாம்புச் சத்தையும் மறக்கலாகாது. காய் அதை வேர் வழியாகவன்றி, தன்னைச் சுற்றிய மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகிறது. அது குறைந்த விதையின் குருத்து கறுத்து, முளைப்புக் குன்றும். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் மண் அணைக்கையில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது எடைக்காக மட்டுமன்று, அடுத்த பட்டத்து விதைக்காகவும்தான்.

விதைக் காயின் ஈரம் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேற்படாமல் உலர்த்துக. கொதிக்கும் சிமெண்டுக் களத்தில் உச்சிவெயிலில் பரப்புதல் கூடாது. காயாகவே வைத்திருந்து, விதைக்கும் சமயத்தில்தான் கையால் உடைக்கவேண்டும். ஓட்டை நீக்கிவிட்ட பருப்பில் எண்ணெய் காறலெடுத்துக் கருவின் சோறு கெடுகிறது. செந்தோல் கிழிந்ததோ பூஞ்சணத்துக்கு இரையாகிறது.

விதைப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்பாக நூறு பருப்பை எண்ணி, ஈர மணலில் ஊன்றிப் பத்தாம் நாள் நல்ல நாற்றுகளைக் கணக்கிடுக. எழுபதுக்குக் குறைந்தால் அது சான்று விதையின் அளவுக்கும் கீழானது. வேறு விதை தேடுக. முளையாதவை அழுகியிருந்தால் விதை செத்தது. அழுகாமல் உறுதியாக இருந்தால் அது உறக்கமே. அத்தகைய விதையைச் சில வாரம் பொறுத்து மீண்டும் சோதித்துப் பார்க்கலாம்.