சூரை மீன் பிடிப்பில் அளவுக் கட்டுப்பாடு

ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்த பிறகே ஆயக்கட்டில் எத்தனை ஏக்கர் நடலாம் என்று முடிவு செய்வது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நீர்க்கட்டி முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் விடுவார். கரையும் மடையும் இல்லாத கடலில், பல நாட்டுக் கப்பல்கள் ஒரே மீனைத் தேடி வரும்போது முறை வைப்பது எப்படி? தெற்கு நீலத்துடுப்புச் சூரை என்னும் மீனின் வரலாறு இதற்கு நல்ல பாடமாக உள்ளது.

மீனின் இயல்பு

டூனா என்று வெளிநாட்டில் அழைக்கப்படும் சூரை இனங்களில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று. 200 கிலோ வரை வளரும். 40 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஜாவாத் தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கும் இடைப்பட்ட இந்துமாக்கடல் பகுதியில் மட்டுமே இது முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை ஓரமாகத் தெற்கே இறங்கி, வளர்ந்த பின் தென் கடல்கள் முழுவதும் சுற்றித் திரிகின்றன. முட்டையிடும் பருவம் அடையச் சுமார் பத்து ஆண்டுகள் ஆகும். ஆறேழு மாதத்தில் முட்டையிடும் கோழியைப் போன்றதல்ல இது. பலன் தரப் பல்லாண்டு எடுக்கும் பனையைப் போன்றது. இளம் மீன்களை அளவின்றிப் பிடித்தால் அதன் நஷ்டம் பத்தாண்டு கழித்தே தெரியவரும்.

தூண்டில் கப்பல்கள்

இம்மீனைப் பிடிக்கும் பெரிய கப்பல்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள தாய்க்கயிற்றைக் கடலில் விடுகின்றன. அதில் இடைவெளி விட்டுக் கிளைக்கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த தூண்டில் முள் இருக்கும். ஒரு தடவை விடும் கயிற்றில் சுமார் 3,000 முட்கள் வரை உண்டு. பிடித்த மீன் கப்பலிலேயே கடுங்குளிரில் உறைய வைக்கப்படுகிறது. பச்சையாக உண்ணும் வழக்கமுள்ள ஜப்பானில் இதற்கு நல்ல விலை கிடைக்கிறது.

வரம்பு வந்த விதம்

1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 80,000 டன் பிடிக்கப்பட்டது. பின்னர் பிடிப்பு குறைந்துகொண்டே வந்தது. 1980-களின் நடுவில் ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூடி அளவு வைத்துக்கொண்டன. 1989-இல் மொத்த அளவு 11,750 டன்னாகக் குறைக்கப்பட்டது. இதில் ஜப்பானுக்கு 6,065, ஆஸ்திரேலியாவுக்கு 5,265, நியூசிலாந்துக்கு 420 டன். 1994-இல் இம்மீனுக்கென்றே ஓர் ஆணையம் அமைந்தது. அதன் தலைமையகம் கான்பெராவில் உள்ளது. பின்னர் கொரியா, இந்தோனேசியா, தைவான், தென்னாப்பிரிக்கா முதலிய தரப்புகளும் சேர்ந்தன.

அளவு வைத்தும் மீன் பெருகவில்லை. காரணம் 2006-இல் வெளிவந்தது. ஜப்பானியத் தூண்டில் கப்பல்களின் பிடிப்பு, பல ஆண்டுகளாகக் கணக்கில் காட்டியதைவிட மிக அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்று சந்தை விவரங்களை ஆராய்ந்த குழு கூறியது. இதையடுத்து 2007 முதல் 2011 வரை ஜப்பானின் பங்கு ஆண்டுக்கு 3,000 டன்னாகக் குறைக்கப்பட்டது.

பொய்க்கணக்கால் இரட்டை நஷ்டம் உண்டு. கூடுதலாகப் பிடித்த மீன் போனது முதல் நஷ்டம். கடலில் மீனை எண்ண முடியாதாகையால், ஆயிரம் முள்ளுக்கு எத்தனை மீன் விழுந்தது என்பதை வைத்தே விஞ்ஞானிகள் இருப்பை மதிப்பிடுகிறார்கள். பிடிப்புக் கணக்கு பொய்த்தால் அந்த மதிப்பீடும் தவறும். இது இரண்டாவது நஷ்டம்.

எடுத்த நடவடிக்கைகள்

2010 முதல் பிடித்த ஒவ்வொரு மீனிலும் எண்ணிட்ட அட்டை கட்டப்படுகிறது. கப்பலிலிருந்து சந்தை வரை அதற்கான பத்திரமும் உடன் செல்ல வேண்டும். அதே ஆண்டில் மொத்த அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு 9,449 டன் ஆயிற்று.

2011-இல் அதைவிட முக்கியமான ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அளவைக் கூட்டுவதா, குறைப்பதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாடுவது நின்றது. மதிப்பீடு இப்படி வந்தால் அளவு இவ்வளவு என்ற விதி முன்கூட்டியே ஏற்கப்பட்டது. அந்த விதிப்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை அளவு நிர்ணயமாகிறது. ஒரே தடவையில் 3,000 டன்னுக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

இருப்பை அறியப் புதிய முறைகளும் வந்துள்ளன. இரண்டு வயது மீன்களிடமிருந்து சிறு தசைத் துணுக்கு எடுத்து, மரபணு அடையாளத்தைப் பதிந்து கடலில் விடுகிறார்கள். அடுத்த ஆண்டு பிடிபடும் மீன்களில் அவற்றுள் எத்தனை வருகின்றன என்பதைக் கொண்டு இளம் மீன்களின் மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடுகிறார்கள்.

கண்ட பலன்

மீன்பிடிப்பு தொடங்குமுன் இருந்த தாய்மீன் இருப்பை நூறு மூட்டை விதைநெல் என்று வைத்துக்கொண்டால், 2011 மதிப்பீட்டில் மிஞ்சியது சுமார் ஐந்து மூட்டைதான். 2020-இல் இருபதாகவும், 2023-இல் இருபத்துமூன்றாகவும் அது உயர்ந்தது. பிடிக்கும் அளவும் படிப்படியாகக் கூட்டப்பட்டு, 2024 முதல் 2026 வரை ஆண்டுக்கு 20,647 டன் என்று நிர்ணயிக்கப்பட்டது. குறைத்துப் பிடித்தவர்களே பின்னர் 2010-இல் பிடித்ததைவிட இரு மடங்குக்கு மேல் பிடிக்க முடிந்தது. எனினும் இருப்பு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. 2035-க்குள் முப்பது சதவீதத்தை எட்டுவதே இப்போதைய குறிக்கோள்.

விவசாயிகள் கவனத்திற்கு

கிணற்று நீரும் கடல் மீனைப் போன்றதே. ஒருவர் தோட்டத்தில் இறைப்பது அடுத்தவர் கிணற்றிலும் குறையும். இதில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, இருப்பை அளக்க வேண்டும். கோடைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து குறித்து வைப்பது எவராலும் இயலும். இரண்டாவது, அளவு ஒளிவுமறைவு இல்லாததாக இருக்க வேண்டும். இரவில் யாரும் அறியாமல் மடை திறப்பவர் ஒருவர் இருந்தால் மற்றவர்களும் முறையை மதிக்க மாட்டார்கள். மூன்றாவது, நீர்மட்டம் இத்தனை அடிக்குக் கீழே போனால் நெல்லை விட்டுச் சிறுதானியமோ பயறோ போடுவது என்று, தண்ணீர் நிறைந்திருக்கும்போதே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பயிர் வாடும் நேரத்தில் பேசினால் பூசலே மிஞ்சும்.