அலகநந்தா: நெடுந்தொலைவில் ஒரு சுழல் மண்டலம்

கேதார்நாத்தின் பனிமலைகளில் தோன்றிவரும் மந்தாகினியும், பத்ரிநாத்தைத் தழுவிவரும் அலகநந்தாவும் ருத்ரப்பிரயாகையில் ஒன்று கலக்கின்றன. நமது சூரியன் இடம்பெற்றுள்ள பால்வெளி மண்டலத்தை ஹிந்தியில் மந்தாகினி என்றும் அழைப்பதுண்டு. புணேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகிய இருவரும் பால்வெளியைப் போன்ற தோற்றமுடைய சுழல் மண்டலம் ஒன்றை வெகுதொலைவில் கண்டனர். 2025 நவம்பரில் தங்கள் ஆய்வை வெளியிட்ட அவர்கள், மந்தாகினியின் உடன்பிறந்தாள் என்னும் கருத்தில் அதற்கு அலகநந்தா என்று பெயரிட்டனர்.

பெயர் அழகியதே. ஆனால் இந்த உடன்பிறந்தாள் நமக்குக் காட்சி தருவது அவளது இன்றைய கோலத்தில் அன்று. இன்று நம்மை வந்தடையும் ஒளி அங்கிருந்து புறப்பட்டு 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகின்றன. பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அப்படியாயின், பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்துக் காட்சியைத்தான் இப்போது காண்கிறோம். அந்த மண்டலம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதை இங்கிருந்து எவராலும் பார்க்க இயலாது.

கண்ட காட்சி என்ன? நடுவில் ஒளிமிக்க ஒரு புடைப்பு. அதன் இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்தவையாக வளைந்து செல்லும் இரு சுழற்கரங்கள். அக்கரங்களின் வழியே, நூலில் கோத்த மணிகளைப் போல, புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் ஒளித்திரள்கள். அதன் குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டுகள். பால்வெளியின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு எனலாம். அதிலுள்ள நட்சத்திரங்களின் மொத்த நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1,000 கோடி மடங்கு. ஆண்டுதோறும் அறுபது சூரியன்களுக்கு ஈடான நிறையுள்ள நட்சத்திரங்கள் அங்கே உருவாகிக்கொண்டிருந்தன. பால்வெளியில் இன்று உருவாவதைக் காட்டிலும் இது இருபது மடங்குக்கும் அதிகம்.

காட்சிக்குத் துணைநின்றவை

2021 டிசம்பர் 25 அன்று விண்ணில் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி, 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்டது. அகச்சிவப்பு ஒளியைக் காணவல்லது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், வழிநெடுக வரும் ஒளியின் அலைநீளமும் நீண்டுவிடுகிறது. அலகநந்தாவிலிருந்து வரும் ஒளி இவ்வாறு ஐந்து மடங்கு நீண்டுள்ளது. அங்கிருந்து ஊதா நிறமாகப் புறப்பட்டது இங்கே கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பாக வந்து சேர்கிறது.

இயற்கையும் ஓர் உதவி செய்தது. ஏபெல் 2744 என்ற மாபெரும் நட்சத்திர மண்டலக் கூட்டம், நமக்கும் அலகநந்தாவுக்கும் இடைப்பட்ட தொலைவில் உள்ளது. அதன் ஈர்ப்பு விசை, பின்னாலிருந்து வரும் ஒளியை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் வளைத்து, அலகநந்தாவை ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாகக் காட்டியது.

வியப்பின் காரணம்

சுழற்கரம் என்பது என்றும் ஒரே நட்சத்திரங்களால் ஆன கயிறு என்று கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மையத்திற்கு அருகிலுள்ளவை விரைவில் ஒரு சுற்றை முடிக்க, வெளியே உள்ளவை பின்தங்கும். சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இப்படிச் சில சுற்றுகள் முடிவதற்குள் கரங்கள் இறுகச் சுருண்டு உருவழிந்திருக்க வேண்டும். 1964-இல் சி.சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் இதற்கொரு விளக்கம் தந்தனர்: கரம் என்பது ஓர் அடர்த்தி அலை. மலைப்பாதையின் குறுகிய வளைவில் யாத்திரிகர்கள் நெருக்கமாக நிற்கின்றனர். முன்னிருப்பவர் கடந்து போக, பின்வருபவர் வந்து சேர்கின்றனர். ஆட்கள் மாறினும் நெரிசல் அங்கேயே இருக்கிறது. நட்சத்திரங்களும் வாயுவும் சுழற்கரத்தின் வழியே கடந்து செல்வதும் இத்தகையதே.

இத்தகைய அலை நிலைபெற, தட்டுப்போன்ற அந்த மண்டலம் அமைதியுற்றிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் அங்குமிங்கும் தறிகெட்டு ஓடாமல் ஒழுங்கான வட்டப்பாதையில் செல்ல வேண்டும். இளம் பிரபஞ்சத்தின் மண்டலங்களோ வாயு நிறைந்தவை, கொந்தளிப்பு மிக்கவை. ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களிலும் அக்காலத்தவை பெரும்பாலும் ஒழுங்கற்ற திரள்களாகவே தென்பட்டன. ஆகவே, ஒழுங்கான சுழல் வடிவம் அமைய இன்னும் நெடுங்காலம் வேண்டும் என அறிஞர் கருதினர்.

நியாய சாஸ்திரத்தில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் உதாரணம் அனைவரும் அறிந்தது. புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்னும் நியதியே அந்த அனுமானத்தின் உயிர்நாடி. நியதிக்கு மாறான ஒரே ஓர் உதாரணம் கிடைத்தாலும் அனுமானம் நில்லாது. 'இளமையான மண்டலம் ஒழுங்கற்றதாகவே இருக்கும்' என்ற கருத்துக்கு அலகநந்தா அத்தகைய உதாரணமாக வந்து நிற்கிறது. அது ஒன்று மட்டுமன்று. அதனினும் முந்திய காலத்தைச் சேர்ந்த ஜூலோங் என்ற சுழல் மண்டலமும் 2025-இல் அறிவிக்கப்பட்டது. தொலைவிலுள்ள மண்டலங்களில் ஹப்பிள் கண்டது பெரும்பாலும் புதிய நட்சத்திரங்கள் உமிழ்ந்த புறஊதா ஒளியை. திட்டுத்திட்டாகக் கிடந்த அவ்வொளியே அங்குள்ள அனைத்தும் என எண்ண இடமிருந்தது. கருவியின் எல்லையைப் பொருளின் எல்லையாகக் கொள்ளும் பிழை, தத்துவ மாணவர்களுக்கும் புதியதன்று.

எனினும் இங்கே ஒரு நிதானம் தேவை. அலகநந்தாவின் தொலைவும் ஒருவகையில் அனுமானமே. 21 வடிகட்டிகளின் வழியே அதன் பிரகாசத்தைத் தனித்தனியே அளந்து, அந்த ஏற்ற இறக்கங்களைக் கொண்டே தொலைவையும் நிறையையும் கணக்கிட்டுள்ளனர். வடிகட்டிகள் இத்தனை இருப்பதால் கணக்கு வலுவானது. ஆயினும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் குறிப்பிட்ட தனிமங்களின் கோடுகளைக் காண்பது இதனினும் நேரானது.

கரங்கள் தோன்றியது எவ்வாறு என்பதும் முடிவாகவில்லை. குளிர்ந்த வாயு சிறிது சிறிதாக வந்து சேர, அடர்த்தி அலைகள் எழுந்திருக்கலாம். அருகே கடந்துசென்ற ஒரு சிறிய மண்டலத்தின் ஈர்ப்பும் அவற்றை எழுப்பியிருக்கலாம். ஆனால் அவ்வாறு எழும் கரங்கள் விரைவில் மங்கிவிடுவன.

இதைத் தீர்மானிக்க, மண்டலத்தின் சுழற்சியை அளக்க வேண்டும். சுழலும் தட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும். மறுபக்கம் விலகிச் செல்லும். நிறமாலைக் கோடுகள் ஒருபுறம் சற்று நீலத்தின் திசையிலும் மறுபுறம் சற்றுச் சிவப்பின் திசையிலும் நகர்ந்திருக்கும். 2012-இல் அறிவிக்கப்பட்ட பி.எக்ஸ்.442 என்ற சுழல் மண்டலத்தின் சுழற்சியை ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி இம்முறையில்தான் உறுதிசெய்தது. அதன் ஒளி புறப்பட்டு சுமார் 1,070 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அலகநந்தாவில் அதே அளவீட்டைச் செய்ய வெப் தொலைநோக்கியின் நிறமாலைமானியும், சிலி நாட்டுப் பாலைவனத்திலுள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கிகளும் ஏற்ற கருவிகளாகும். இருபுறத்து வேகங்களும் சீராக அமைந்திருந்தால், அங்கே தட்டு உண்மையில் அமைதியுற்றிருந்தது என்பதும், நட்சத்திரங்கள் ஒழுங்கான பாதையில் சென்றன என்பதும் தெளிவாகும்.