கண்ணழுத்த நோயும் சிறுதுளைச் சத்திர சிகிச்சையும்

குளுக்கோமா என்பதை நாம் கண்ணழுத்த நோய் என்கிறோம். சொல்லாராய்தல் தமிழாசிரியர்க்கு வழக்கமாதலின் அதிலேயே தொடங்குவோம். மூலமாகிய கிரேக்கச் சொல் நீலங்கலந்த பசுமையைக் குறிப்பது. நோயின் இயல்பை உணர்த்தாது. நம் பெயர் ஓரளவு உணர்த்தும்; முற்றும் பொருந்தாது. கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை நிற்பது. அவ்வெல்லையுள் நின்றும் பார்வை நரம்பு நையப்பெற்றாருளர். இந்நோயாற் போன பார்வை மீளாது. கண்புரை நீக்கியவர் சின்னாளில் தெளிவுறக் காண்கின்றார். இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்க்கோ முன்போலவே காண்பதுதான் பேறு. ஆதலின் இங்கு வெற்றி யாதென்பதே ஆராய்தற்குரியது.

கண்ணினுள்ளே தெளிந்த நீரொன்று இடையறாது ஊறுகின்றது. அது கதிராளியும் விழிவெண்படலமும் கூடும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற இழையத்தின் வழியே கசிந்து, சிலெம்மின் கால்வாய் என்னும் வட்டக் குழாயிற் புகுந்து, நுண்வாய்க்கால்களால் நாளங்களைச் சேரும். கோணம் திறந்திருக்கும் நோயிற் பெரும்பாலும் அச்சல்லடையே வடிதலைத் தடுப்பது. 1968 இல் கெயின்ஸ் என்பார் விளக்கிய முறை, கண்ணின் சுவரிற் புதுவழி திறப்பது. அழுத்தத்தை அது நன்கு தணிக்கும். ஆயின் அழுத்தம் அளவிறந்து தாழ்தல், கிருமி புகுதல் முதலிய இடர்களும் உண்டு. இடர் குறைந்ததொன்றை நாடியதன் விளைவே சிறுதுளைச் சிகிச்சை. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வாயின் வழியே கருவி செலுத்திச் சல்லடையைக் கீறுவர். அல்லது ஐஸ்ரென்ற் போன்ற 1 மில்லிமீற்றர் நீளக் குழாயைப் பதிப்பர்.

இதன் வெற்றி கருவியால் வருவதென்று பலர் எண்ணுவர். நாம் கற்றறிந்த அளவில், கருவியினும் கண்ணைத் தேர்தலே பெரிது. வயலுக்கு நீர் பாய்ச்சுவார் அறிவர்: மதகைத் திறந்தாலும் கீழ்வாய்க்கால் தூர்ந்திருப்பின் நீர் ஓடாது. அவ்வாறே சல்லடைக்கு அப்பாலுள்ள நுண்வாய்க்கால்கள் சுருங்கியிருப்பிற் குழாய் பதித்தும் பயன் சிறிதே. அவை மூக்கின் பக்கத்தே மிகுதியாதலின் அங்கேயே பதிப்பர். இன்னுமொரு வரம்புண்டு. நீர் சென்று சேரும் நாளங்களின் அழுத்தமே 8 முதல் 10 வரை இருப்பது. ஆகவே இவ்வழியாற் கண்ணழுத்தம் அதற்குக் கீழே இறங்காது. நடைமுறையிற் பெரும்பாலும் 15 ஐ ஒட்டியே நின்றுவிடும். நோயின் தொடக்கநிலையில் உள்ளார்க்கு அது போதும். நரம்பு மிக நைந்து, அழுத்தம் 12 இற்குக் கீழே இறங்கவேண்டியவர்க்குப் போதாது. அன்னார்க்குப் பெரும்பாலும் பழைய முறையே உரியது. அவரிடத்துச் சிறுதுளை இட்டுக் காத்திருத்தல், எஞ்சிய பார்வையைப் பணயம் வைத்துச் சூதாடுதலாகும். கோணம் ஒடுங்கிய கண்ணிலோ சல்லடையை அணுகுதலே அரிது.

மற்றொன்றும் நோக்குக. இக்குழாய்களைப் பெரும்பாலும் கண்புரை நீக்கும்போதே பதிக்கின்றனர். புரையை நீக்குதல் தானே அழுத்தத்தைச் சிறிது தணிக்கும். 2019 இல் வெளிவந்த ஹொறைசன் ஆய்வில், 8 மில்லிமீற்றர் நீளமுடைய ஹைட்ரஸ் பதித்த கண்களுள் நூற்றுக்கு 77.3 இல், ஈராண்டின்பின் மருந்தை நிறுத்தி அளந்த அழுத்தம் ஐந்திலொரு பங்கேனும் குறைந்திருந்தது. புரை மட்டும் நீக்கிய கண்களில் அத்தொகை 57.8. முந்திய எண்ணை மட்டும் கேட்பவர் வியப்பர். பிந்தியதையும் கேட்டவரே குழாயின் பங்கு எவ்வளவென அறிவர்.

மருத்துவரின் கைப்பழக்கத்தையும் விடுதற்கில்லை. கோணம் நேரே புலனாகாது. நோயாளியின் தலையையும் நுணுக்குக்காட்டியையும் சாய்த்து, தனிவில்லையொன்றைக் கண்மேல் வைத்தே காணவேண்டும். காட்சி தெளியாவிடிற் குழாய் இடம்மாறிப் பதியும். வெண்விழியின் மேற்றோலுக்குக் கீழே நீரைச் செலுத்தும் 6 மில்லிமீற்றர் நீளச் சென் குழாய்க்கோ தழும்பே பகை. மைற்றோமைசின் என்னும் மருந்தால் அதனைத் தடுக்க முயல்வர். நெடுங்காலம் இட்ட சொட்டுமருந்துகளால் அத்தோல் முன்னரே அழன்றிருப்பிற் தழும்பு மிகும்.

சைபாஸ் என்னும் வேறொரு குழாய் 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈராண்டு முடிவுகள் நன்றாயிருந்தன. ஐந்தாண்டளவில் விழிவெண்படலத்தின் உட்புறக் கலங்கள் மிகுதியாய்க் குறைந்தமை தெரியவர, 2018 ஓகஸ்டில் அதனைச் செய்தோரே சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டனர். முன்னரே பொருத்தப்பெற்றவரின் கலங்களை இடையிடையே எண்ணிப் பார்க்குமாறு மருத்துவர்க்கு அறிவுறுத்தப்பட்டது.