பாக்குவெட்டியா, இடுக்கியா?

தியாகராய நகரில் நான் பணியாற்றும் பள்ளியில் நெம்புகோல் பாடம் வந்தால் பாக்குவெட்டி ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்வேன். "நம் தாடையும் இப்படித்தான் வேலை செய்கிறது" என்று சேர்த்துச் சொல்வதும் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "மிஸ், பாக்குவெட்டியில கை கடைசியில அழுத்துது. வாயில அந்தக் கை எங்க இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றேன்.

மறுநாள் அவள் கேள்வியிலிருந்தே தொடங்கினோம்.

செயல்பாடு 1: விரல் நுனிகளை நெற்றிப்பொட்டில் வைத்து, பற்களை இறுகக் கடித்துத் தளர்த்த வேண்டும். பிறகு விரல்களைக் காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தையொட்டிக் கன்னத்தில் வைத்து மீண்டும் கடிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் தசை புடைக்கும். மாணவி தேடிய 'கை' அதுதான்.

மெல்லுவதற்கு முதன்மையாக நான்கு இணைத் தசைகள் உள்ளன. பொட்டுத் தசையும் கன்னத் தசையும் விரலுக்குத் தட்டுப்படும். தாடையின் உட்புறம் உள்ள இரண்டு இணைச் சிறகுத் தசைகள் தட்டுப்படாது. முதல் இரண்டும் உட்சிறகுத் தசையும் வாயை மூடுகின்றன. வெளிச்சிறகுத் தசை தாடையை முன்னே இழுத்து, வாய் திறக்க உதவுகிறது. சிறகுத் தசைகள் இடமும் வலமும் மாறி மாறி இழுப்பதால்தான் நாம் உணவை அரைக்க முடிகிறது.

செயல்பாடு 2: வறுத்த வேர்க்கடலையை முன்பல்லாலும் பிறகு கடைவாய்ப் பல்லாலும் கடித்து ஒப்பிட வேண்டும். (பல்வலி உள்ளவர்களையும் கடலை ஒவ்வாதவர்களையும் தவிர்க்கவும். கடிக்கும்போது பேசவோ சிரிக்கவோ கூடாது.) கடைவாயில் எளிதாக உடையும். காதுக்கு முன்னுள்ள மூட்டு ஆதாரப்புள்ளி. பளு அதற்கு அருகே வரும்போது அதே தசை கூடுதல் விசையைத் தருகிறது.

இப்போது கரும்பலகையில் படம் வரைந்தோம். மூட்டு ஒரு முனையில், உணவு மறு முனையில், தசை நடுவில். திறன் நடுவில் இருப்பதால் இது மூன்றாம் வகை நெம்புகோல்; இடுக்கி போன்றது. பாக்குவெட்டியில் நடுவில் இருப்பது பளு. அது இரண்டாம் வகை. பல ஆண்டுகளாக நான் தவறாகச் சொல்லி வந்ததை மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன்.

குரங்குகளுக்கும் இதே தசைகள்தாம். அளவும் அமைப்பும் உணவுக்கேற்ப வேறுபடுகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரிக் கருமந்தி பெரிதும் இலை தின்பது. இலையைத் துணிக்கக் கூரிய விளிம்புகள் கொண்ட கடைவாய்ப் பற்கள் அதற்கு உண்டு. கோயில்களில் காணும் நாட்டுக்குரங்கு பழம், விதை, பூச்சி எனப் பலவும் தின்னும். கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு ஓடி, பிறகு மெல்லும். ஆண் கொரில்லாவின் பொட்டுத் தசை மிகப் பெரியது. அது பற்றிக்கொள்ள மண்டையோட்டின் உச்சியில் எலும்பு முகடே எழுந்திருக்கும்.

1959-இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டிலும் அத்தகைய முகடு இருந்தது. பராந்த்ரோபஸ் பாய்சி எனும் அந்த இனம் நம் மூதாதை அன்று, அழிந்துபோன கிளை. பெரிய பற்களைப் பார்த்து 'கொட்டை உடைக்கும் மனிதன்' என்று பெயரிட்டார்கள். பின்னர் பல்லிலுள்ள கார்பனை ஆராய்ந்தபோது, புல், கோரை போன்றவையே அதன் முக்கிய உணவாக இருந்திருக்கலாம் எனத் தெரிந்தது. அறிவியலாளர்களும் திருத்திக்கொண்டார்கள் என்றதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது.

இறுதியில் ஓர் எச்சரிக்கை. "சமைத்து உண்டதால், பயன்படாத தசை சிறுத்துவிட்டது" என்று மாணவர்கள் எழுதுவார்கள். ஒருவர் வாழ்நாளில் மெலிந்த தசை பிள்ளைக்குப் போகாது. கல்லால் நறுக்கியும் இடித்தும், பின்னர் சமைத்தும் உணவு மென்மையானபோது, பிறவியிலேயே சிறிய தாடை உடையவர்களும் தடையின்றி வாழ்ந்து பெருகினார்கள். பெரிய தசையைப் பேணும் தேவை குறைந்தது. தலைமுறைகள் பல கடந்து வந்த மாற்றம் இது. இந்த வேறுபாட்டை விளக்கிய பிறகே மதிப்பெண் இடுகிறேன்.

இவ்வாண்டு வகுப்புக்குப் பாக்குவெட்டியோடு இடுக்கியையும் எடுத்துச் சென்றேன். தாடை எதைப் போன்றது என்று நான் சொல்லவில்லை, கேட்டேன்.