எருவும் தழைச்சத்தும்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பேளுக்குறிச்சி. அப்பகுதிப் புன்செய்களில் தொழுவுரத்தைக் குவித்து, மழையை எதிர்நோக்கிப் பல நாள் வெயிலில் விட்டுவைப்பதுண்டு. அதனால் நேரும் இழப்பு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும்.

எருவிலுள்ள நைட்ரஜனை உழவர் தழைச்சத்து என்பர். அதன் பெரும்பகுதியைப் பயிரின் வேர் உள்ளவாறே ஏற்க இயலாது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் முதலில் அதனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. வேறுவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் ஆக்குகின்றன. இவற்றை 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி.

மாட்டின் சிறுநீரிலோ அம்மோனியா மிக விரைவில் உண்டாகும். விடியற்காலையில் தொழுவத்தில் எழும் காரநெடி, பயிருக்குச் சேரவேண்டிய சத்து காற்றோடு போவதன் அறிகுறியே. 1,000 கிலோ தொழுவுரத்தில் ஏறக்குறைய 5 கிலோ தழைச்சத்தே உண்டு. அதிலும் ஒரு பகுதி பறந்துவிட்டால் எஞ்சுவது என்ன? ஆதலின் எருவை இறைத்த அன்றே உழுது மூடுதல் வேண்டும். ஆட்டுக்கிடை மறித்த நிலத்துக்கும் இது பொருந்தும்.

மக்காத வைக்கோல் மிகுந்த எருவை இட்டால் வேறொரு விந்தை நிகழும். அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்கு மண்ணின் தழைச்சத்தையே கவர்ந்துகொள்ளும். எருவிட்ட நிலத்திலேயே பயிர் வெளிறி நிற்கும். அவை மடிந்த பின்னரே அச்சத்து மண்ணுக்கு மீளும்.

நாமக்கல் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் கோழி எருவில் தழைச்சத்து தொழுவுரத்தினும் பன்மடங்கு உண்டு. அதனை அளவின்றி இட்டால், நீரில் எளிதிற் கரையும் நைட்ரேட்டு பெருமழையில் வேரைக் கடந்து இறங்கிக் கிணற்று நீரில் கலந்துவிடும்.